கொஞ்சம் என் பக்கம் சாய்ந்த பிணைப்பு

எதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் கண்ணில் பட்டவர் ஒரு வேதியியல் ஆசிரியர். 'பிணைப்பு சார்' என்றால் பள்ளி வாட்ச்மேனுக்கும் தெரியும்.

இரண்டு பேர் அருகருகே நின்றால் போதும், சாருக்கு நாக்கு அரிக்கும். மேலாளர் அதட்ட எழுத்தர் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது அயனிப் பிணைப்பு: ஒருவர் எலக்ட்ரானைக் கொடுக்கிறார், மற்றவர் எடுத்துக்கொள்கிறார், உப்பு இப்படித்தான் உண்டாகிறது. ஆசிரியர் அறையில் யார் பேனா யார் கையில் என்றே தெரியாமல் சுற்றினால் உலோகப் பிணைப்பு: எலக்ட்ரான் எல்லாருக்கும் பொது. சாரின் பேனா மட்டும் மூடியோடு சட்டைப்பையில் இருக்கும். மூன்றாவது வகைக்கு வரும்போதுதான் முகம் மலரும். சகப்பிணைப்பு. ஆளுக்கு ஒன்று போட்டு இருவரும் பங்கிட்டுக்கொள்வது.

"உதாரணம் வேணுமா? நானும் எங்க வீட்டம்மாவும்."

பதினெட்டு வருடமாக இதே உதாரணம். வீட்டம்மாவுக்கு அதே பள்ளி ஆய்வகத்தில்தான் வேலை. பாடமும் அங்கேதான். பின்வரிசைக்குப் பின்னால் அவர் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருக்கும்போதே சார் இதைச் சொல்வார். குழாய்கள் சற்றுப் பலமாக மோதிக்கொள்ளும். அதெல்லாம் சார் காதில் விழுமா?

ஒரு திங்கட்கிழமை காலை வீட்டம்மாவுக்குக் கடிதம் வந்தது. வெளியூர்க் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெகுநாளாக அவர் ஆசைப்பட்ட வேலை. சார் கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

"பிணைப்பை உடைக்க ஆற்றல் வேணும்மா. உன்னால ஆகாது."

"அப்படி நாம எதைப் பங்கு போட்டுக்கிறோம்? சொல்லுங்க."

சார் விரல் விட்டார். ஒரு வண்டி; ஓட்டுவது அவர். ஒரு செய்தித்தாள், அவர் படித்து முடித்ததும் அதில் வீட்டம்மா வெங்காயம் உரிக்கலாம். ஒரு சமையலறை, சாப்பிடுவது அவர் பங்கு. மூன்றாவது விரலில் அவருக்கே சந்தேகம் தட்டியது. ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் மடங்குமா?

"இது முனைவுள்ள சகப்பிணைப்பு. பங்குதான். கொஞ்சம் என் பக்கம் சாய்ஞ்சிருக்கும்."

வீட்டம்மா சிரிக்கவில்லை. "இது உப்புங்க. ஒருத்தர் குடுக்கிறது, ஒருத்தர் எடுத்துக்கிறது. பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், தண்ணியில போட்டா பிரிஞ்சு போயிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். குழாய் கழுவிக்கிட்டே கேட்டேன்."

அங்கேயே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாருக்கு 'நானும் வரேன்' என்ற இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வந்ததோ வேறு: "எல்லா உப்பும் தண்ணியில கரையாது, தெரியுமா?"

வீட்டம்மா போய்விட்டார். அடுத்த வாரம் வகுப்பில் சகப்பிணைப்புக்கு உதாரணம் கேட்டார்கள். "புத்தகத்துல இருக்கு, பாருங்க" என்றார் சார். பின்னால் குழாய்கள் கழுவாமல் கிடந்தன. வீட்டுக்குப் போய், ஒற்றைத் தட்டில் ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, யாரோடும் சேராத மந்த வாயு என்று தனக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டார். மனது லேசானது.

சிரிக்கிறீர்களா? இதற்குள் உங்கள் மேலாளரை உப்பிலும் மைத்துனரை உலோகத்திலும் சேர்த்துவிட்டு, உங்கள் வீட்டை மட்டும் சகப்பிணைப்பில் வைத்திருப்பீர்களே. நல்லது. அந்தப் பட்டியலை வீட்டிலிருப்பவரிடம் ஒருமுறை காட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால், பக்கத்தில் காலியாக இருக்கும் அந்தக் காப்பித் தம்ளரை நீங்களே எழுந்துபோய்க் கழுவி வைத்துவிடுங்கள்.