ஐந்தரை முதல் ஆறு வரை

மணி ஐந்தரை ஆகியும் பிலோமின்ராஜால் கவலைப்பட முடியவில்லை. வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்தது.

"வாத்தியாரே, ஒரு சின்ன விஷயம்" என்றார் எதிர்வீட்டுச் சுருட்டுக்கடை சேக் மைதீன் ராவுத்தர்.

"நாளைக்கு வாங்க ராவுத்தரே. இது நான் கவலைப்படுற நேரம்."

"தெரிஞ்சுதான் வந்தேன். எப்படியும் கவலைப்படத்தானே உக்காந்திருக்கீங்க? என்னோடதையும் சேத்துக்குங்களேன்."

பாலக்கரையில் பூகோள வாத்தியாரான பிலோமின்ராஜுக்கு இந்த அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தவர் டாக்டர் பஷீர் அகமது. வாத்தியாரின் ஒரே மகன் சவரிமுத்து கொழும்பில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் எழுதுகிறவனிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. போதாக்குறைக்கு, இலங்கையில் விஷக்காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தது. அவ்வளவுதான். காலையில் மகனுக்குக் காய்ச்சல் வரும், மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேருவான், விளக்கு வைப்பதற்குள் வாத்தியார் தலைமன்னாரில் இறங்கி அழுதுகொண்டிருப்பார். எல்லாம் மனசுக்குள்ளேதான். ஆனால் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. வகுப்பில் இந்தியா படத்தை மாட்டினால் இலங்கை இருக்கும் மூலையை மறைத்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

"கவலைப்படாதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல" என்றார் டாக்டர். "படுங்க. ஆனா நாள் பூரா வேணாம். சாயங்காலம் அஞ்சரைக்கு உக்காருங்க. ஆறு மணிக்கு உங்க கோயில்ல திரிகால மணி அடிச்சதும் எந்திரிச்சிடணும். நடுவுல எந்த நினைப்பு வந்தாலும், 'போயிட்டு அஞ்சரைக்கு வா'ன்னு அனுப்பிடுங்க."

அப்படியே செய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பகலெல்லாம் திருப்பி அனுப்பிய நினைப்புகள் ஐந்தரைக்கு ஒன்றுகூட விடாமல் வந்து சேர்ந்தன. முதல் நாளே, மணி அடிப்பதற்குள் மகனை அடக்கம் செய்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து எழுந்தார். லூர்துராணி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவளும் பெற்றவள்தான். ஆனாலும் காப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள்தான் ராவுத்தர் வந்தது. பினாங்கில் இருக்கும் மச்சான் இரண்டு மாதமாக எழுதவில்லையாம். மூன்றாம் நாள் வரகனேரியிலிருந்து வரும் கீரைக்காரி மாரியாயி கூடையை இறக்கி வைத்தாள்.

"சினைமாடு நாள் தள்ளிப்போச்சுங்க ஐயா. பொழைக்குமோ பொழைக்காதோ, ஒண்ணும் புரியல."

வாத்தியார் வாசல் கதவைத் தாழிட்டார், கொல்லைப்பக்கமாக வந்தார்கள். ஐந்து மணிக்கே உட்கார்ந்து பார்த்தார். ஐந்து மணிக்கே வந்தார்கள். வேறு வழியில்லாமல் சிலேட்டில் வரிசை எழுதி வைத்தார். அதைப் பார்த்து, இங்கே ஏதோ முறையாக நடக்கிறது என்று அடுத்த தெரு இருதயமேரியும் வந்துவிட்டாள். வீட்டுக்காரர் என்ற மரியாதைக்காகத் தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் அவர் முறை வரும்போது கோயில் மணி அடித்தது.

"ஊரான் மாட்டுக்கெல்லாம் கவலைப்படுறேன். என் பையன் முறை எப்பத்தான் வரும்?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். சாப்பிட வாங்க" என்றாள் லூர்துராணி.

கத்திய களைப்பில் பசித்தது. மூன்று தோசை உள்ளே போன பிறகுதான் மனிதருக்குத் தான் சாப்பிடுவதே உறைத்தது.

ஏழாம் நாள் ராவுத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மச்சானுக்கு என்னமோ ஆயிடுச்சு வாத்தியாரே. என் மனசு சொல்லுது."

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மனசு என்ன பினாங்குக்குப் போயி பாத்துட்டு வந்துச்சா? ஒரு காயிதம் வரலேன்னா ஆளே இல்லேன்னு அர்த்தமா? கப்பல் பிந்தியிருக்கும். வேலை மாறியிருப்பாரு. தபால் எங்கேயாவது கிடக்கும். நூறு காரணம் இருக்கறப்ப அந்த ஒண்ணையே ஏன் புடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது. ராவுத்தர் எழுந்து போகாமல் மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வகுப்பில் வாத்தியார் படத்தைவிட்டு நகர்ந்து நின்று பாடம் நடத்தினார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. சவரிமுத்துவை யாழ்ப்பாணத்துக் கடைக்கு மாற்றியிருக்கிறார்கள். விலாசம் மாறியதிலிருந்து வாராவாரம் எழுதித் தபாலில் போடச் சொல்லி ஒருவனிடம் கொடுத்தானாம், அந்தப் புண்ணியவான் அத்தனையையும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தானாம். வாத்தியார் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டு, வெட்கப்படாமல் அழுதார். லூர்துராணி அடுப்படியில் போய் அழுதாள். தபால்காரன் கூப்பிட்ட நேரத்தில் தான் மாரியாயியின் மாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது வாத்தியாருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் மாரியாயி சிரித்த முகமாக வந்தாள். "நல்லபடியா கன்னு போட்டுடுச்சுங்க ஐயா. கெடேரிக் கன்னு!"

வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா! இப்பவே வந்து பாக்குறேன்."

"ஐயையோ, நீங்க எதுக்குங்க? அங்கே ஒரே சேறுங்க."

"வரகனேரி என்ன, கொழும்பா? நில்லு, தாய் மாட்டுக்குக் கொஞ்சம் வெல்லம் எடுத்துக்கிட்டு வரேன்."

அடுப்படிக்குப் போய் வெல்லப் பானையைத் தேடி, ஒரு கட்டியை உடைத்துத் துண்டில் முடிந்துகொண்டு நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, கொல்லையில், மாரியாயி லூர்துராணியின் கையைப் பிடித்துக்கொண்டு பதறிக்கொண்டிருந்தாள்:

"ராவுத்தருக்காவது மச்சானைப் பினாங்குல வச்சிக் குடுத்தீங்க, யாரும் போயிப் பாக்க முடியாது. எனக்கு மட்டும் ஏன் வாத்தியாரம்மா இல்லாத மாட்டைக் குடுத்தீங்க?"