தள்ளுங்கோ அக்காவுக்குத் தலைமைத்துவம் இல்லை

கிளிநொச்சியில் தள்ளுங்கோ அக்காவிடம் ஏச்சு வாங்காத அரச உத்தியோகத்தர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு லீவில் நின்றிருப்பார். மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் நானே மூன்று முறை வாங்கியிருக்கிறேன், எல்லாம் என் கடை வாசற்படிக்காக. மூன்றாம் முறையோடு படியை இடித்துவிட்டேன்.

அக்காவின் ஊர் வட்டக்கச்சி. பட்டதாரி, ஒரு அரச கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். போக்குவரத்தெல்லாம் சக்கர நாற்காலியில். கால்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், அது பழைய கதை, உங்கட அலுவலைப் பாருங்கோ என்பார்.

சனம் வழியை மறித்து நின்றால் "தள்ளுங்கோ" என்பார். விலகுங்கோ என்றுதான் அர்த்தம். ஆனால் எங்கள் சனத்துக்கு இரக்கம் கூட. பாதிப்பேர் விலகுவார்கள், மீதிப்பேர் நாற்காலியைப் பிடித்துத் தள்ளத் தொடங்குவார்கள். அப்படித்தான் ஒரு புண்ணியவான், ஓட்டோவுக்குக் காத்து நின்ற அக்காவை ஏ9 வீதியைக் கடந்து அடுத்த பக்கம் சேர்த்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"அங்கால போகவேணும் எண்டு நான் எப்ப அண்ணை சொன்னனான்?"

திருப்பிக் கொண்டுவருவதற்குள் ஓட்டோ போய்விட்டது. அடுத்தது வரும்வரை அவருக்கு வகுப்பு நடந்தது. இப்போது அந்த மனிதர் தேர் வடத்தைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறாராம்.

பிறகு ஒரு கந்தோரில் சக்கர நாற்காலிக்கென்று சாய்வுப் பாதை கட்டினார்கள். ஆடுகூட யோசித்துத்தான் ஏறும், அவ்வளவு செங்குத்து. ரிப்பன் வெட்டப் போகும் நேரத்தில் அக்கா வாங்குப் பலகை ஒன்றுக்கு மாறி இருந்துகொண்டு, தன் நாற்காலியைப் பிரதம விருந்தினராக வந்த பெரியவர் பக்கம் காட்டினார்.

"சேர், நீங்கள் ஒருக்கா ஏறிக் காட்டுங்கோவன்."

சேரும் படத்துக்குச் சிரித்தபடி ஏறினார். பாதி வழியில் நாற்காலியோடு பின்பக்கமாக உருண்டு, பூத்திருந்த செவ்வரத்தைப் பற்றைக்குள் போனார். அடுத்த கிழமை பாதையை உடைத்து, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று அக்கா சொன்ன கணக்கில் கட்டினார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை இருந்தது. நிர்வாகம் படிக்கவேண்டும், ஏச்சு வாங்குகிற கதிரையில் ஒருநாள் தானே இருக்கவேண்டும். தலைவர்களாக வரக்கூடிய மாற்றுத்திறனாளிகளுக்கு வெளிநாட்டில் ஒரு வருட முதுமாணிப் பட்டப் படிப்புக்குப் புலமைப்பரிசில் என்று அறிவித்தல் வந்தது. கடைசி நாளில் என் கடைக்கு வந்தார். அவர் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அன்றுதான் அவருடைய சொந்தப் பெயரே எனக்குத் தெரியவந்தது.

எல்லாம் நல்லபடி போய், "உங்கள் தலைமைத்துவ அனுபவம்" என்ற பெட்டியில் வந்து நின்றது. இல்லை என்று போடச் சொன்னார். அதற்காகத்தானே இதையே கொடுக்கிறார்கள் என்று தலையில் கைவைத்தேன். மாதர் சங்கத்தில்கூடத் தான் தலைவி இல்லை, பொய் எழுதமுடியாது என்றார். சாய்வுப் பாதையை ஞாபகப்படுத்தினேன்.

"அது சண்டை தம்பி. அதுக்குப் பேர் தலைமைத்துவம் இல்லை."

அரை மணித்தியாலம் வாதாடித் தோற்றேன். கடைசியில் பொய் இல்லாமல் இப்படி எழுதினோம்: "இல்லை. ஆனால் பின்வரும் சண்டைகளைப் பிடித்துள்ளேன்." நான் மறந்த சண்டைகளை, கடையில் கொப்பி எடுக்க நின்ற சனம் சொல்லித் தந்தது. துணுக்காயிலிருந்து வந்த ஒருவர், வங்கியின் உயர மேசையை அக்கா தாழ்த்த வைத்த கதையைச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் வந்தது. சண்டை என்பதற்கு ஆங்கிலத்தில் கொஞ்சம் சாதுவான சொல்லாகத் தேடினேன், அக்கா விடவில்லை.

நேர்முகம் என் கடைக் கணினியில்தான் நடந்தது. முதல் கேள்வியே செவ்வரத்தைப் பற்றையைப் பற்றி. சிரித்து முடிந்ததும், படித்துவிட்டுத் திரும்பிப் போவீர்களா என்று கேட்டார்கள். பாதிச் சண்டை இன்னும் முடியவில்லையே என்றார் அக்கா.

கிடைத்துவிட்டது என்று என் கடை முகவரிக்கு வந்த மின்னஞ்சலை முதலில் வாசித்தவன் நான். அக்காவுக்குச் சொல்ல ஃபோனை எடுத்துவிட்டு, கிடைக்காமல் போயிருக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அக்கா போய் நாலு மாதம். ஒரு வருடம்தான், வந்துவிடுவார் என்று கடைக்கு வந்து விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். விசாரிக்காதவர்களுக்கும் சொல்கிறேன்.