ஆற்றங்கரைப் பதிவேட்டில் இரண்டு பேர்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே எல்லோரும் நலமா என்று கேட்பது முறைதான். ஆனால் யாருக்குச் சளி, யாருக்கு இருமல் என்று நீ தினமும் இரண்டு முறை போனில் ஒப்பித்துவிடுவதால் அதை விட்டுவிடுகிறேன். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் பாதியில் சிரிப்பாய். கடிதத்தைப் படித்து நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

முதலில் நல்ல செய்தி. உன் அக்கா போய்ச் சேர்ந்த இந்த ஒன்பது மாதமாக, வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாய். நானும் சாக்குப்போக்குச் சொல்லிக் கடத்தி வந்தேன். இப்போது சம்மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவருவதாகச் சொன்னாயே, முடிந்தால் வியாழக்கிழமையே வந்துவிடு. காரணம், ஆறு.

எங்கள் தெருக்கோடியில் சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்ததே, சாக்கடை என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அதே ஆறுதான். சிமெண்டையெல்லாம் பெயர்த்துவிட்டு, பழைய வரைபடத்தைப் பார்த்து வளைவுகளைத் திரும்ப வெட்டி, கரையில் நாணலும் மரமும் வைத்து, நடக்க ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை என்று போட்டுவிட்டார்கள். மீன்கொத்தி வருகிறது, நாரை வருகிறது, நீர்நாய்கூட வந்துவிட்டது என்று கழுத்தில் பைனாகுலரோடு அலைகிறவர்கள் சொல்கிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். தனியாக. இந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொள்.

மூன்றாவது வளைவில் பறவை பார்ப்பதற்கென்று ஒரு மரக்குடில். சுவரில் கண் உயரத்துக்கு நீளமான திறப்பு, ஒரு பெஞ்சு, ஆணியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பெரிய நோட்டு. பார்த்ததை அதில் எழுத வேண்டுமாம்: நேரம், என்ன, எத்தனை, என்ன செய்தது. காலாற உட்காரப் போனவன் சும்மா புரட்டினேன். 'ஆறு ஐம்பது, நீர்க்காகம், மூன்று, சிறகு உலர்த்தின. ஏழு ஐந்து, நீர்நாய், ஒன்று, மீன் தின்றது. ஏழு பத்து, மனிதர், இரண்டு. பெரியது முன்னால், வேகமாக, ஒரு காலை விந்தி. சிறியது பத்தடி பின்னால்.' கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பதினான்கு. அந்தப் பாதையில் காலை விந்திக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியது என்று எழுதியதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த 'இரண்டு'தான் உறுத்தியது. முப்பத்துநான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். பெட்டிக்குள் கால் வைத்ததும் தலைகளை எண்ணிவிடுவேன், கழிப்பறையில் ஒளிந்திருப்பவனையும் சேர்த்து. அப்பேர்ப்பட்டவன் பின்னாலேயே ஒருவர் என் கண்ணில் படாமல் வருவதென்றால் அது என் தொழிலுக்கே அவமானம். மறுநாள் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்படிப் போனதில் எதிரே வந்த சைக்கிளில் மோதி, நாணலுக்குள் விழுந்து, அரைமணி நேரமாக எல்லோரும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாரையை விரட்டி, பைனாகுலர்காரர்கள் நால்வரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் பின்னால் மட்டும் ஈ, காக்கை இல்லை. குடிலுக்குப் போய்ப் பார்த்தால், 'மனிதர், இரண்டு. பெரியது அடிக்கடி திரும்பிப் பார்த்தது. அப்போதெல்லாம் சிறியது அசையாமல் நின்றது.'

நடந்தால்தானே பின்தொடர முடியும் என்று மூன்றாம் நாள் கீழ்வீட்டுத் தையல்காரரின் சைக்கிளை இரவல் வாங்கினேன். முதல் வளைவிலிருந்தே வண்டி கனத்தது. பஞ்சர் என்று நினைத்துப் பாதையோரத்துச் சைக்கிள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டை ஒண்ணும் இல்லையே சார். ஆளை இறக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க" என்றார்.

"எந்த ஆளைய்யா? தனியாத்தானே வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்த கேரியரைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். குடிலில் எழுதியிருந்தது: 'பெரியது சக்கரத்தின் மேல். சிறியது பின்னால், ஒருபக்கமாக உட்கார்ந்து.'

அங்கே காவலுக்கு இருப்பவரைப் பிடித்தேன். "இந்த நோட்டுல யாருங்க எழுதறது?"

"யாரும் எழுதறதில்ல சார். இப்பல்லாம் எல்லாரும் போன்லயே போட்டுடறாங்க. பாருங்க, பேனாவே கிடையாது." உண்மைதான். பேனா கட்டியிருந்த நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இது?"

அவர் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஈர மை கட்டைவிரலில் ஒட்டியது. "நீர்நாய்க்கு எழுதத் தெரியாது சார்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாளே பாலத்துக்கு அந்தப் பக்கம் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று எழுதியிருந்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. 'சிறியது நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தது. பெரியது காத்திருக்கவில்லை. சிறியது ஓடிவந்து சேர்ந்துகொண்டது.' மாப்பிள்ளை, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வார் நழுவாத செருப்பு ஒன்றை உன் அக்கா போட்டு நான் பார்த்ததே இல்லை. முப்பத்தொரு வருஷமும் அவளை நான் பத்தடி பின்னால்தான் நடக்கவிட்டேன். "கொஞ்சம் மெதுவா நடங்களேன், எந்த ரயிலு போயிடப் போகுது" என்பாள். நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, எது அதிகம் என்று தெரியவில்லை. ஆகவே வந்து என்னை அழைத்துப் போய்விடு. உன் மாடி அறை போதும். உன் ஊரில் ஆறு இல்லை என்பதுதான் அந்த ஊரைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் வலியில்லாத முழங்கால்களோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைத் தபால்பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். தபால்பெட்டிக்கு ஆற்றோரமாகத்தான் வர வேண்டியிருந்தது. இரண்டாவது வளைவில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா காத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெதுவாக நடந்தேன். எதிரே வந்த பைனாகுலர்காரர் ஒருவர் பாதையை விட்டே இறங்கி நின்றார், ஒரு ஆளுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. குடிலில், 'மனிதர், இரண்டு. பக்கத்தில் பக்கத்தில்.' வேன் வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் வரவில்லை. இனிமேல் காலை ஏழு மணிக்குப் போன் செய்யாதே. அந்த நேரத்தில் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.