எதிர்ப்பு இல்லாத தெருவில் நாலு சுற்றுப் பேச்சுவார்த்தை

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லெப்பைத் தெருவுக்குக் கருத்தடைக் குச்சி வந்து சேர்ந்த வரலாற்றை எழுதி வைப்பது என் கடமை. குச்சி என்றால் தீக்குச்சி நீளம்தான். மேல்கையில் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. தை மாசமே பெட்டியோடு வந்து நர்ஸ் இசைவாணி அக்காவின் அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. வைக்க ஐந்து நிமிஷம் போதும் என்றார் அக்கா.

முதல் ஆளாகப் போய் நின்றவள் எதிர்வீட்டு அல்மாஸ். இரண்டு பிள்ளை, சின்னதுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. சிதம்பரத்தில் பி.எட். படிக்கிறாள், அடுத்த வருஷம் சித்திரையில் கடைசிப் பரீட்சை. வீட்டுக்காரர் ஹுமாயூன் வளைகுடாவில் டிரைவர். ஆடியில் நாற்பது நாள் லீவில் வருகிறார். ஆடிக்கும் சித்திரைக்கும் எத்தனை மாதம் என்று எண்ண எங்கள் ஊரில் யாருக்கும் விரல் தேவையில்லை.

இசைவாணி அக்கா கையுறையை மாட்டுகிற நேரத்தில் கடலூரிலிருந்து போன். பள்ளிவாசல் உள்ள தெருக்களில் மக்கள்நல நுண்ணுணர்வுப் பிரிவின் அனுமதியின்றிக் குச்சி, மாத்திரை, உறை எதையும் கண்ணில் காட்டக்கூடாதாம். அக்கா கையுறையைக் கழற்றினார். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்கலாமென்றால், கல்லாவில் உட்கார்ந்திருப்பது அல்மாஸின் சின்ன மாமனார்.

அந்தப் பிரிவு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது. அதிகாரி உத்திராபதி சார் நல்ல மனுஷர், யார் மனமும் புண்படக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அவரிடம் ஒரு கையேடு இருந்தது. ஏதோ பாலைவன நாட்டில், கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் மக்களிடம் நீண்டகாலக் கருத்தடையை அறிமுகப்படுத்துவது எப்படி என்று எழுதியதைத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் பள்ளிவாசல் இருக்கிறது, இங்கேயும் பள்ளிவாசல் இருக்கிறது, ஆகவே பொருந்தும் என்று சார் முடிவெடுத்தார். ஒட்டகம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் மேலிட விளக்கத்துக்காக நிறுத்திவைத்தார்.

கையேட்டின்படி முதலில் கோத்திரத் தலைவரின் எதிர்ப்பைப் பதிவு செய்து, மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தையில் அதை அகற்ற வேண்டும். எங்களுக்கு ஏது கோத்திரம்? ஜமாஅத் தலைவர் முஹம்மது இஸ்மாயில் மாமா இருக்கிறார், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அவரையே எழுதிக்கொண்டார்கள்.

மாமா விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "நல்லதுதான சார். என் மருமவளும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க."

சார் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொன்னா எப்படி பாய்? எதிர்ப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா அடுத்த பக்கத்துக்கே போக முடியாது."

"எனக்கு எதிர்ப்பே இல்லியே."

"சின்னதா ஒண்ணு சொல்லுங்க. நாங்களே வந்து அகத்திடுறோம்."

மாமா ரொம்ப நேரம் யோசித்து, சாக்கடை அள்ளாததை எதிர்ப்பதாகச் சொன்னார். அது வேறு துறையாம்.

இரண்டாம் சுற்றில் சமோசா, டீ, போட்டோ. 'கோத்திரத் தலைவருடன் அதிகாரி' என்று பேப்பரில் வந்ததை மாமா லேமினேட் செய்து கடையில் மாட்டினார். பெண்களின் கருத்தும் அன்றைக்குத்தான் கேட்கப்பட்டது. மாமனார், மச்சான், கொழுந்தன் எல்லாரையும் உட்காரவைத்து, "யாருக்கு வேணுமோ கை தூக்குங்க" என்று மைக்கில் கேட்டார் சார். அல்மாஸ் தூக்கினாள். நான் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இசைவாணி அக்கா வீட்டுப் பின்வாசலில் ஒன்பது பேர் நின்றோம். கையேட்டில் பின்வாசலுக்குக் கட்டம் இல்லாததால், 'மகளிரிடையே ஆர்வமின்மை' என்று பதிவானது.

மூன்றாம் சுற்றுக்குள் மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இவ்ளோ பெரிய ஆபீசரு கடலூர்லேர்ந்து மூணு தடவ வந்து எதிர்ப்பு கேக்குறாருன்னா, எதிர்க்க என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்?" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். கூட்டத்தில் தொண்டையைச் செருமி, "யோசிக்கணும்" என்றார். உத்திராபதி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கையேட்டில் சொன்னது சொன்னபடி நடக்கிறதே. நாலாவது சுற்று ஆவணியில் என்று அங்கேயே அறிவித்தார்.

அல்மாஸ் அன்று ஹுமாயூனிடம் போனில் இதைச் சொல்ல, அவர் எந்த நாட்டுக்கு எழுதிய புத்தகம் என்று விசாரித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அவர் வேலை பார்க்கிற நாடுதான். அங்கே முதலாளியம்மாவைப் போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரே அவர்தானாம். அந்தம்மா குச்சி வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இவர் டீ கூடக் குடித்து முடிக்கவில்லையாம்.

அல்மாஸ் பஸ் பிடித்துக் கடலூருக்கே போய் இதைச் சொன்னாள். சார் பொறுமையாகக் கேட்டார். "அந்த நாட்டுல கையேட்டைச் சரியாப் பின்பத்தலன்னு தெரியுதும்மா" என்றார்.

ஆடி வந்தது. ஹுமாயூன் வந்தார். நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனார்.

ஆவணியில் நாலாவது சுற்று நடந்து, மாமா பெரிய மனதோடு எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். புரட்டாசியில் உத்திராபதி சார் அனுமதிக் கடிதத்தோடும் போட்டோகிராபரோடும் வந்து இறங்கினார். முதல் பயனாளி அல்மாஸ். வைப்பதற்கு முன் ஒரு பரிசோதனை உண்டென்று இசைவாணி அக்கா உள்ளே கூட்டிப் போனார். வெளியே வந்தவர் குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அல்மாஸ் அவர் எதிரே வந்து நின்றாள். "சார், இந்தப் பிள்ளையப் பெத்துக்க யாரோட எதிர்ப்ப அகத்தணும்? எத்தன சுத்து ஆவும்?"

சார் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை நேர்மையாகப் புரட்டினார். "இதுக்கு யார் சம்மதமும் தேவையில்லம்மா. நேரா பெத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் இஸ்மாயில் மாமா ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். பின்னாலேயே தெரு முழுக்க வந்தது. நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். அல்மாஸ் பி.எட். புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்து வாழ்த்தினோம். அதைச் சொல்ல மட்டும் எங்களில் ஒருத்திக்கும் கூச்சம் வரவில்லை.