பஞ்சு மானுக்கு ஒரு வில்

யோசிக்காமல் செய்யும் மடமையை மன்னித்துவிடலாம். அது ஒரு கணத்தில் முடிந்துபோகும். ஆற அமர யோசித்து, விளைவுகளை எடைபோட்டு, சமூக நலனையும் கருத்திற்கொண்டு செய்யும் மடமை இருக்கிறதே, அதற்குத்தான் ஆயுள் அதிகம். நான் செய்தது இரண்டாவது வகை.

ஈழத்தில் போர் முடிந்த ஆண்டின் இலையுதிர்காலம் அது. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் சமூகவியல் படித்து முடித்திருந்தேன். புலம்பெயர்ந்தோர் டேனிஷ் மக்களின் சங்கங்களில் சேர்ந்தால்தான் இந்த நாட்டில் வேரூன்ற முடியும் என்பது என் இறுதி ஆய்வின் முடிவு. (ஆய்வாளர் அதுவரை எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததில்லை.) எழுதியதை வாழ்ந்துகாட்ட வேண்டும் என்ற அறவுணர்வு என்னைப் பீடித்திருந்த வேளையில், உடன் வேலைசெய்த ப்ரெபன் என்ற டேனிஷ்காரர் மான் வேட்டை பயிலும் மாலை வகுப்புக்கு அழைத்தார். சேர்ந்துவிட்டேன்.

துப்பாக்கி மட்டும் முடியாது என்றேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்படாதிருந்த மாதங்கள் முடிந்து, அதைப் போடவே எவரும் துணியாத மாதங்கள் நடந்துகொண்டிருந்தன. பாண் வாட்டும் இயந்திரம் 'டக்' என்று துள்ளினாலும் அப்பா திடுக்கிட்டு எழுந்துவிடுவார். அந்த வீட்டுக்குள் துப்பாக்கியோடு எப்படி நுழைவது? ஆகவே சத்தமில்லாத, புகையில்லாத, எவர் நினைவையும் கிளறாத ஓர் ஆயுதம் வேண்டும் என்று முடிவுசெய்தேன். வில்.

சட்டத்தையும் வாசித்தேன். உரிய பரீட்சைகளில் சித்தியடைந்தவர் வில்லால் மான் வேட்டையாடலாம் என்றிருந்தது. மனம் அதைத் தமிழில் குறித்துக்கொண்டது: வில் கூடும். அடுத்த வாரமே ஒரு பழம்பொருள் சந்தையில் 'ஆம்ப்ரூஸ்ட்' ஒன்றைக் கண்டேன். துப்பாக்கிக் கட்டையின் மேல் வில்லைக் குறுக்கே கிடத்தியதுபோல் இருக்கும். விசையை அழுத்தினால் அம்பு பாயும். டேனிஷ்காரருக்கு வில் வேறு, ஆம்ப்ரூஸ்ட் வேறு, சட்டமும் வேறு. பொலிஸ் அனுமதியின்றி அதை வைத்திருக்கவே கூடாது, அதனால் வேட்டையாடுவது எவருக்கும் தடை. நானோ நாணைப் பார்த்தேன், அம்பைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த தமிழில் இதற்கும் பெயர் வில்தான் என்று கண்டேன், வாங்கிவிட்டேன். (விற்ற கிழவர், "சுவரில் மாட்டவா?" என்று கேட்டார். "மான் வேட்டைக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டேன்.)

இத்தனைக்கும், வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையே தீர்மானமாக வேண்டிய நாள். ஓகூஸ் நகரில் படித்த தாரணியும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம். அவளுடைய பெற்றோர் என்னைப் பார்க்க டோஸ்ட்ருப் நகரிலிருந்து முதன்முறையாக வரவிருந்தனர். தந்தைக்குத் தொலைபேசியில் ஏதோ வேலை என்று தாரணி சொல்லியிருந்தாள். தொலைபேசி நிறுவனம் என்று நானாகவே விளங்கிக்கொண்டேன். அவர் சுத்த சைவம். மாப்பிள்ளையும் சைவமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நானும் மச்சம் மாமிசத்தைக் கைவிட்டிருந்தேன். வேட்டையாடுவேன், உண்ணமாட்டேன், இறைச்சி ப்ரெபனுக்கு என்று ஒரு நுண்ணிய வாதத்தையும் தயாராக வைத்திருந்தேன்.

அம்மாவின் பழைய சேலையொன்றில் வில்லைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினேன். ஓகூஸில் களஞ்சியத்தில் வேலைசெய்யும் ரஞ்சன் அண்ணை, என் பெரியம்மாவின் மகன், கைபேசியில் அழைத்தார். பொது இடத்தில் ஆயுதத்தைப் பற்றி டேனிஷில் பேசினால் அயலவர் அச்சமடையக்கூடும் என்று எண்ணி, மிகுந்த பொறுப்புணர்வோடு தமிழில் பேசினேன். வேட்டைச் சொற்களை மட்டும் வகுப்பில் டேனிஷிலேயே கற்றிருந்ததால் அவை டேனிஷிலேயே வந்தன.

"அண்ணை, ஆம்ப்ரூஸ்ட் வாங்கிப்போட்டன்."

"உனக்கு விசரேடா? ஆரைச் சுடப்போறாய்?"

"மான் அண்ணை, மான்! லோர்டா ஸ்கௌவுக்குப் போய் மான் ஸ்கூட பண்ணுறம்."

"உயிருள்ள மானோ?"

"இல்லை, முதல்ல ஸ்பொஞ்சில செய்த மான். பழகிறதுக்கு. நேரா யேர்டவில அடிக்கவேணுமாம். அடிச்சா மான் சரி!"

லோர்டா என்பது சனிக்கிழமை, ஸ்கௌ காடு, ஸ்கூட சுடுதல், யேர்ட இதயம். இனி, அருகில் பின்னல் பின்னிக்கொண்டிருந்த மூதாட்டியின் காதால் கேட்டுப்பாருங்கள். டேனிஷில் 'மான்' என்றால் ஆண்மகன்.

மூதாட்டி ஊசிகளைப் பைக்குள் வைத்தார், சாரதியிடம் சென்றார், ஏதோ சொன்னார். அடுத்த தரிப்பிடத்தில் இரண்டு பொலிசார் ஏறினர். ஒருவர் மிக மரியாதையாக, "சேலைக்குள் என்ன?" என்று கேட்டார். "வில்" என்றேன். (பதற்றத்தில் தமிழில்தான் வந்தது. டேனிஷில் 'வில்' என்றால் காட்டுத்தனமான, மூர்க்கமான. அவர் ஓரடி பின்வாங்கினார்.)

பொலிஸ் நிலையத்தில் அமைதியான ஒரு பெண் அதிகாரி என்னைக் கேட்டார், "எந்த மனிதரைச் சுட இருந்தீர்கள்?" நான் மான் என்ற சொல்லின் பொருளை விளக்கினேன். என் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்று, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம் தம்பி" என்றது கனத்த குரலொன்று. பெயர் சொல்லவில்லை. "இஞ்ச நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் அப்பிடியே டேனிஷில சொல்லுவன். ஒண்டும் விடமாட்டன். விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

அதிகாரி மான் என்றால் என்ன என்று கேட்டார். காட்டில் புல் மேயும் விலங்கு, மனிதரைக் குறிக்கும் சொல் அதுவன்று என்று குரல் தெளிவாக டேனிஷில் சொன்னது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. வில்லைப் பறிமுதல் செய்து ஒரு தண்டம் விதிப்பதோடு விட்டுவிடலாம் என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் விளைவுகளை எடைபோடும் பழக்கம் விடுமா?

"அண்ணை, நீங்கள் எங்கட ஆள்" என்று தமிழில் தொடங்கினேன். "இந்த விசயம் வெளியில போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ. வாற ஞாயிறு டோஸ்ட்ருப்பில இருந்து பொம்பிளை வீட்டார் வருகினம். தாய் பாவமாம். தேப்பன்தான் சரியான முசுடாம். முட்டை அவிச்ச சட்டியில தேத்தண்ணி வைச்சாலும் குடிக்கமாட்டாராம். அந்த மனிசனுக்குத் தெரிஞ்சா நான் துலைஞ்சன்."

அதே குரல், ஏற்ற இறக்கமின்றி, டேனிஷில் தொடர்ந்தது.

"அவர் கூறுகிறார்: நீங்கள் எங்கள் ஆள், இது வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்ருப்பிலிருந்து பெண்வீட்டார் வருகிறார்கள். தாயார் நல்லவர். தந்தை கடுமையான சிடுமூஞ்சி என்று கேள்வி. முட்டை வெந்த பாத்திரத்தில் தேநீர் தயாரித்தால் அருந்தமாட்டார். அவருக்கு இது தெரிந்தால் நான் அழிந்தேன்."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இத்துடன் நான் விலகவேண்டியுள்ளது" என்றது குரல். "இவ்வழக்கில் நான் நடுநிலையானவன் அல்லன் என்பது இப்போதுதான் தெரியவந்தது. அந்தச் சிடுமூஞ்சி நான்தான் என்று நினைக்கிறேன். இனிய மாலை."

இணைப்பு அறுந்தது. அதிகாரி எழுந்து சென்று எனக்கொரு கோப்பி கொண்டுவந்து தந்தார். டேனிஷ் பொலிசார் அனுதாபத்தை அப்படித்தான் தெரிவிப்பார்கள் போலும்.

அதன்பின் தாரணியின் அழைப்புக்காகக் காத்திருந்தேன்: 'நாங்கள் வரவில்லை, எல்லாம் முடிந்தது' என்று அவள் சொல்வதற்காக. அழைத்தவளோ என்ன நிறத்தில் சட்டை போடப்போகிறேன் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தொழிலில் கேட்டதை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது, அவர் சொல்லவில்லை.

ஞாயிறன்று வந்தார்கள். கனத்த குரல் வாசலில் "வணக்கம்" என்றதும் நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா வடையைப் பரிமாறிக்கொண்டே, "எங்கட ஆதவன் ஒரு பூச்சி புழுவைக்கூட அடிக்கமாட்டான்" என்றார்.

"ஓம்" என்றார் தாரணியின் தந்தை. "குறிபாத்து அடிக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு?"

பொய் சொன்னால் அவருக்குத் தெரியும். உண்மை சொன்னால் ஊருக்கே தெரியும். வாழ்வில் முதன்முறையாக எதையும் எடைபோடாமல் வாயைத் திறந்தேன்.

"மான் வேட்டை பழக வெளிக்கிட்டனான், மாமா. பொலிஸ் பிடிச்சுப்போட்டுது."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். தாரணி டேனிஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அவர் மட்டும் முதன்முறை கேட்பவர்போல் விசாரித்தார்.

"என்ன மான்?"

"ஸ்பொஞ்ச் மான்."

"அம்பு பட்டுதோ?"

"விடவே இல்லை, மாமா."

அவர் மனைவியிடம் திரும்பினார். "கேட்டீரே? பெடியன் சைவம்தான். ஸ்பொஞ்சைக்கூடத் தொடேல்லை."

இன்னொரு கேள்வியும் அவர் உதடுவரை வந்தது. அவரை முசுடு என்று எனக்குச் சொன்னது யார் என்ற கேள்வி. தொழில் தர்மம் அதை விழுங்கவைத்தது. (சொன்ன தாரணி அருகிலேயே, ஒன்றும் அறியாதவளாய் வடை தின்றுகொண்டிருந்தாள்.)

திருமணம் நடந்தது. மாமா ஓய்வுபெற்றுவிட்டார், ஆனால் என் விடயத்தில் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறார். நான் வீட்டில் எதையாவது நீட்டி விளக்கத் தொடங்கினால், என் மகள் என்னைப் பார்ப்பதேயில்லை. அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும், என்றாலும் தாத்தாவின் பக்கம் திரும்பி, டேனிஷில், "என்ன சொல்கிறார்?" என்று கேட்பாள். அவருடைய மொழிபெயர்ப்பைக் கேட்டுச் சிரிக்கக் குடும்பம் முழுவதும் காத்திருக்கும்.

சென்ற மாதம், தோழியின் வீட்டில் இரவு தங்க அவள் அனுமதி கேட்டாள். பாதுகாப்பு, பொறுப்பு, இளையோர் உளவியல் என்று நான் நெடுநேரம் பேசினேன். அவள் வழக்கம்போல் தாத்தாவைக் கேட்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டேனிஷில் சுருக்கமாகச் சொன்னார்:

"அப்பா பயப்படுகிறார்."

அன்று நான் மட்டும் சிரிக்கவில்லை. சரியான மொழிபெயர்ப்பு. அவளைப் போக விட்டுவிட்டேன்.