சும்மா கிடந்த ஆறாவது விண்ணப்பம்

அன்புள்ள மச்சான் மான்சிக்குக்கு,

செங்சோங்கிலிருந்து உன் அக்கா புருஷன் எழுதுகிறேன். சியோலில் நீ நலமா? தங்கச்சி, பிள்ளைகள் நலமா? நலமாகத்தான் இருப்பீர்கள். கெட்டுப் போனது என் மகள் நாரேயின் படிப்புதானே.

செப்டம்பரில் உன் அப்பா சமாதியில் புல் வெட்ட வந்தாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. பாதி மேட்டை வெட்டிவிட்டு இடுப்பு வலி என்று உட்கார்ந்துவிட்டாய். மீதியை நான்தான் வெட்டினேன், அது போகட்டும். கொண்டுபோன மக்கொல்லி அரிசிக் கள்ளை நீயே குடித்தாய், அதுவும் போகட்டும். நாரே மாட்டு டாக்டர் படிப்புக்கு ஐந்து பல்கலைக்கழகங்களுக்குப் போடப் போவதாகச் சொன்னாள். பரீட்சைக்கு முன்பே விண்ணப்பிக்கும் முதல் சுற்றில் ஆறு வரை போடலாம். உடனே உனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"ஒண்ணை ஏண்டி சும்மா விடுற? மாமா சொல்றேன், எங்கயாவது போட்டு வை."

"வேணாம் மாமா. அதுல கிடைச்சுட்டா, பரீட்சை மார்க்கை வச்சு எடுக்கிற அடுத்த சுத்துக்கு விட மாட்டாங்க. சேர மாட்டேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க."

"அட போடி, பயந்தாங்கொள்ளி."

கையில் புல் வெட்டும் இயந்திரம் இருந்ததால் உன் புத்திக்கு எட்டிய படிப்பும் அதுவே: பக்கத்து ஊர்க் கல்லூரியில் கோல்ஃப் மைதானப் புல் பராமரிப்பு. தம்பி சொன்னால் உன் அக்காவுக்கு மறுபேச்சு ஏது? நச்சரித்தே பிள்ளையைப் போட வைத்தாள்.

அப்புறம் பரீட்சை. ஒட்டினால் தேர்ச்சி என்று உன் அக்கா பள்ளிக்கூட வாசல் கதவில் ஜவ்வு மிட்டாயை அப்பினாள். கடற்பாசி சூப் குடித்தால் வழுக்கி விழுந்து ஃபெயிலாம், அதனால் என் பிறந்தநாளுக்குக்கூட அந்த சூப் கிடையாது. நாரே வெளுத்து வாங்கிவிட்டாள் மச்சான். இந்த மார்க்குக்கு அடுத்த சுற்றில் மாட்டு டாக்டர் படிப்பு நிச்சயம் என்று அவள் வாத்தியாரே சொன்னார். முதல் சுற்றில் போட்ட ஐந்தும் அதற்குள் கையை விரித்திருந்தன. இனி அந்தப் புல்லுக்காரனும் வேண்டாம் என்று சொன்னால் போதும், பிள்ளை பிழைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் மூணு வேளையும் கடற்பாசி சூப்தான். பிள்ளை குடிச்சா, நான் குடிச்சேன், நாய்க்கும் அதுதான். பெத்த பிள்ளை ஃபெயிலாகணும்னு நேர்ந்துகிட்ட குடும்பம் நம்ம குடும்பம்தான்டா. மனசு கேக்காம அந்தக் கல்லூரிக்கே போய், அங்க இருந்த எழுத்தர் கையைப் பிடிச்சேன்.

"அய்யா, எம் பொண்ணைத் தயவுசெஞ்சு தள்ளிவிட்ருங்க."

"என்ன பெரியவரே, உங்களுக்கும் பொண்ணுக்கும் சண்டையா?"

"சண்டை அவ மாமனோட."

அவரு கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டிப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னு குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. "எங்க படிப்புக்கு இப்படி ஒரு பிள்ளை வந்ததே இல்லைங்க. முதலிடம்."

முடிவு வந்த அன்னைக்கு நம்ம ஊர்த் தலைவர் பஸ் நிறுத்தத்துல பதாகை கட்டிட்டாரு: 'கோல்ஃப் புல் படிப்பில் முதலிடம், எங்கள் ஊர் நாரே, வாழ்த்துகள்'. அதை அவுத்துடுங்கன்னு நான் சொன்னா, பெயிண்ட் காயட்டும்கிறாரு. போறவன் வர்றவன் எல்லாம் ஆப்பிள் தோட்டத்துல வந்து கைகொடுக்கிறான். பிள்ளை மூணு நாளா கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா. நீ போன்ல என்னடான்னா, "புல்லுன்னா மாட்டுக்கு ஆகாதா மாமா?"ன்னு சிரிக்கிற. இனி நம்ம வாசல்படி மிதிக்காதே. உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டோம். ஆப்பிள் பெட்டியும் வராது.

உன் வீட்டார் எல்லாரும் நூறு வருஷம் நல்லாயிருக்கட்டும். உன்னைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்.

இப்படிக்கு,
நாரே அப்பா

பின்குறிப்பு: நாரே இன்னைக்குக் காலையில கதவைத் திறந்தா. இன்னொரு வருஷம் படிச்சு மறுபடி எழுதப் போறாளாம். அதுக்கான பயிற்சி வகுப்பு சியோல்லதான் இருக்கு, சியோல்ல நமக்கு உன்னை விட்டா யாரு? இன்னைக்குப் பஸ்ஸுக்கே கிளம்பி வர்றா, இந்தக் கடுதாசியும் அவ கையிலதான் வருது. மேலே எழுதினதை மனசுல வச்சுக்காதே. அவளுக்குக் குளிர் ஆகாது, சூடான அறையைக் குடு. கிம்ச்சியும் மூணு பெட்டி ஆப்பிளும் வருது. இந்தத் தடவை எத்தனைக்குப் போடணும்னு நானே முடிவு பண்ணிட்டேன் மச்சான், நல்லா கேட்டுக்கோ, மொத்தம்...

"அப்பா, அதை நான் பாத்துக்குறேன். நீங்க வந்து இந்த மூட்டையைப் பிடிங்க, பஸ் வந்து நிக்கிது"ன்னு நாரே கூப்...