எத்தனை வண்டி?

பொதுமக்களின் உயிரும் உடைமையும் அரசாங்கத்துக்கு இரண்டு கண்கள். அந்தக் கண்களில் ஒன்று ஒரு நாள் லேசாகத் துடித்தது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு பிக்கப்பிலிருந்து கட்டு அவிழ்ந்து மெத்தை ஒன்று கீழே விழுந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. விழுந்தது மெத்தையாயிற்றே, அதற்கே அடிபடவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? மேலிடம் கூடியது, ஆழ்ந்து ஆலோசித்தது, இரண்டு தரம் டீ குடித்தது. 'சரக்குக் கட்டு உறுதி ஆய்வு நிலையம்' பிறந்தது. ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, சாலைக்குக் குறுக்கே ஒரு கம்பம், கம்பத்தைத் தூக்கவும் இறக்கவும் ஓர் ஆய்வாளர்.

அந்த நிலையத்தைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் முடிச்சுதான். தொழில் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். பைக்கை பிக்கப்பில் ஏற்றிக் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்சக்கரத்தைப் பிக்கப்பின் பின்பக்கத்துத் தொட்டியில் முன்சுவரோடு நேராக முட்டவைப்பான். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் துணி வளையம் மாட்டி, அதில் பெல்ட்டைக் கோத்து, இரண்டு மூலைக் கொக்கிக்கும் மாற்றி மாற்றி இழுப்பான். முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் பாதிதான் அமுங்க வேண்டும். முழுக்க அமுக்கினால் சீல் போய்விடும், அமுக்காமல் விட்டால் முதல் பள்ளத்திலேயே பெல்ட் கழன்றுவிடும். பின்சக்கரத்துக்குத் தனியாக இரண்டு பெல்ட். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கட்டின பைக் ஒன்றுகூட விழுந்ததில்லை, சாய்ந்ததுகூட இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில் இருக்கிறது அவனுக்கு?

அன்று காலை தொட்டியில் இரண்டு டர்ட் பைக்குகள் நின்றன. ஒன்று அவன் தங்கச்சியுடையது. மண் மேடுகளில் பறந்து பறந்து ஓட்டுகிற பெண். அடுத்த மாதம் இருபத்தொன்று முடிகிறது, அதோடு இளையோர் அணிக்கான வயதும் முடிகிறது. அன்றைய பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அணியில் இடம். விட்டால் வேறு பந்தயமில்லை. பத்து மணிக்குப் பதிவு மேசையை மூடிவிடுவார்கள். அவள் வீட்டிலேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொரு பைக் கண்ணாடிக்காரருடையது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் அவர் வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைக்கும் என்பார்கள். நகரத்தில் அப்போது டர்ட் பைக் வைத்திருப்பது நாகரிகம், ஓட்டுவது அல்ல. அவர் பைக் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. ஆனால் மேலெல்லாம் சேறு. சேறு பூசித் தருவதற்கென்றே ஒரு கடை இருந்தது. பெட்ரோல் டாங்கில் மூன்று கீறல்கள், அவையும் ஒட்டுப்படம். பந்தயத் திடலில் பைக் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் லட்சியம். "நீங்க ஏத்திட்டு வந்துடுங்க, நான் முன்னாடி போய்ப் பதிவு பண்ணிடறேன், நெஞ்சுல நம்பர் இருந்தாத்தான் போட்டோ எடுபடும்" என்று சொல்லிவிட்டு ஏசி காரில் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கம்பத்தின் முன் பிக்கப் நின்றது. ஆய்வாளர் எழுந்து வந்தார். ரொம்ப நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். விதியைத் தவிர வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

"எத்தனை வண்டி?" என்று கேட்டார்.

நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போமோ அதையேதான் முடிச்சும் சொன்னான். நம் பேச்சில் பிக்கப்பும் வண்டி, பைக்கும் வண்டி, குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதும் வண்டி.

"மூணு வண்டி சார்."

'மூன்று' என்று ஆய்வாளர் எழுத்தால் எழுதி, பக்கத்தில் எண்ணாலும் எழுதினார்.

"ஓட்டுநர் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்."

ஆய்வாளர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான கவலை. "ஒரே ஆள் மூணு வண்டி ஓட்டுறீங்களா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"பைக் ரெண்டும் ஓடலை சார். பின்னாடி கட்டியிருக்கு."

"பிக்கப் எவ்வளவு வேகத்துல வந்துச்சு?"

"அறுபது."

"பைக்கு?"

முடிச்சு யோசித்துப் பார்த்தான். எப்படி யோசித்தாலும் ஒரே விடைதான் வந்தது. "அதுவும்... அறுபதுதான் சார்."

"அறுபதுல வந்ததை ஓடலைன்னு சொல்றீங்க. விளக்கு இல்ல, நம்பர் பிளேட் இல்ல, மேல ஹெல்மெட் போட்ட ஆள் இல்ல."

"அது மண்ணுல மட்டும் ஓட்டுற பைக் சார். ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னுதானே பிக்கப்புல ஏத்தினோம்?"

"ஓட்டக் கூடாத வண்டியை ரோட்டுல அறுபதுல கொண்டுவந்திருக்கீங்க. இதை நான் எழுதவா, வேண்டாமா?"

தங்கச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "சார், கண்ணைத் திறந்து பாருங்க. அது நிக்குது!"

"அப்படியா? நிறுத்தியிருக்கீங்க. சரி. எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"பிக்கப்புல."

"பிக்கப் எங்க இருக்கு?"

"நெடுஞ்சாலையில."

"நெடுஞ்சாலையில வண்டி நிறுத்துறது அதைவிடப் பெரிய குத்தமாச்சேம்மா" என்றார் ஆய்வாளர், சொந்தப் பெண்ணிடம் சொல்வதுபோல.

இந்த வழக்கு இப்படியே ஒரு மணி நேரம் ஓடியது. ஓடியதா, நின்றதா என்பது வேறு விஷயம். கடைசியில் முடிச்சு தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான். "யோவ், அது ஓடவும் இல்ல, நிக்கவும் இல்லய்யா!"

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" விதிப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். "'ஓடாமலும் நிற்காமலும் சாலையில் காணப்படும் வண்டி யாவும் விபத்துக்குள்ளான வண்டி எனக் கருதப்படும்.' விபத்து வண்டிக்கு விளக்கு வேண்டாம், நம்பர் வேண்டாம், ஆள் வேண்டாம். ராஜ மரியாதையோட அனுப்பி வைக்கலாம். சேதத்தை மட்டும் நான் கண்ணால பார்க்கணும்."

தொட்டியில் ஏறி முதலில் கண்ணாடிக்காரர் பைக்கைப் பார்த்தார். சேறு. கீறல் மூன்று. உச்சுக் கொட்டினார். "ஐயோ பாவம். ஓட்டினவர் உயிரோட இருக்காரா?"

"இருக்காரு சார். கார்ல முன்னாடி போயிருக்காரு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"போட்டோ எடுக்க."

'விபத்து வண்டி' என்ற சிவப்பு வில்லை அதன் நெற்றியில் ஒட்டப்பட்டது. அடுத்து தங்கச்சியின் பைக். ராத்திரியெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, செயினில்கூட முகம் பார்க்கலாம்போல் வைத்திருந்தாள். ஆய்வாளர் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல சேதமே இல்லையே."

"அந்தக் கீறல் வெறும் ஸ்டிக்கர் சார்!" என்றாள் தங்கச்சி. "நகத்தால சுரண்டிப் பாருங்க, வந்துடும்."

"இங்க சுரண்டல் எல்லாம் கிடையாதும்மா. இது நேர்மையான நிலையம்."

முடிச்சுக்கு அப்போதுதான் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. "சார், அந்த மூணை ஒண்ணுன்னு மாத்திடுங்க. பிக்கப் மட்டும்தான் வண்டி. இது ரெண்டும் சரக்கு."

"சரக்குன்னு சொல்லியிருந்தா அப்பவே கம்பத்தைத் தூக்கியிருப்பேனே. இது சரக்கு நிலையம்தானே? நாலு பெல்ட், பாதி அமுக்கம், இப்படி ஒரு கட்டை நான் பார்த்ததே இல்ல." ஆய்வாளர் பெல்ட்டை ஆசையாகத் தடவிக்கொடுத்தார். "ஆனா மூணுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அடித்தல் திருத்தல் செல்லாது."

மணி ஒன்பது பத்து. தங்கச்சி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவிழ்த்துடுண்ணே."

"என்னது?"

"கீழ தள்ளு. லீவர் உடைஞ்சா பையில வேற இருக்கு, நான் மாட்டிக்கறேன். பத்து மணிண்ணே. பத்து மணி."

முடிச்சு பெல்ட்டில் கை வைத்தான். ஒவ்வொரு பெல்ட்டாகத் தளர்த்தி, பைக்கைக் கைத்தாங்கலாகப் பிடித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் தொட்டியில் படுக்கவைத்தான். ஆய்வாளர் தலையாட்டினார்.

"படுக்கவெச்சா அது ஓய்வு. விழுந்தாத்தான் விபத்து."

மறுபடி நிமிர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் பைக் படாரென்று விழுந்தது. கிளட்ச் லீவர் இரண்டாக உடைந்தது. வில்லை ஒட்டப்பட்டது. கம்பம் எழுந்தது.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் பின்னால் பதினொரு பிக்கப்புகள், எல்லாம் அதே பந்தயத்துக்குப் போகிறவை. நாம் பட்ட பாடு மற்றவர்கள் படக் கூடாது என்ற நல்லெண்ணம் முடிச்சுக்கு எங்கிருந்தோ வந்து தொலைந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சொன்னான். "அண்ணே, எத்தனை வண்டின்னு கேட்டா ஒண்ணுன்னு சொல்லுங்க. பிக்கப் மட்டும்தான் வண்டி, மத்ததெல்லாம் சரக்கு. வாய் தவறிடாதீங்க." எல்லாரும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

திடலுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. தங்கச்சி தரையில் குந்தி லீவரை மாட்ட உட்கார்ந்தாள். "நீ போய்ப் பதிவு பண்ணுண்ணே, நான் இதை முடிச்சுடறேன்" என்று விரட்டினாள். முடிச்சு ஓடினான். கூடாரத்துக்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு பதிவாளர், அவர் கையில் ஒரு படிவம். பார்த்ததுமே முடிச்சு உஷாராகிவிட்டான். இந்த முறை ஏமாறப் போவதில்லை.

"எத்தனை வண்டி?" என்றார் பதிவாளர், தலையைத் தூக்காமல்.

"ஒண்ணே ஒண்ணு சார்!" மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "பிக்கப் மட்டும்தான். மத்ததெல்லாம் சரக்கு."

பதிவாளர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இங்க பிக்கப் பந்தயம் இல்லையே. சரக்குக்கும் கிடையாது."

"ஐயோ சார், அது பைக்! அது வண்டிதான் சார்!"

"சரக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அடித்தல் திருத்தல் செல்லாது. புதுப் படிவம் வேணும்னா..." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி ஆயிடுச்சே."

வழியில் அவனை முந்திக்கொண்டு வந்து வரிசையில் நின்ற பதினொரு பேரும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். வாய் தவறவே இல்லை. யாரோ புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானாம்.

ஆக, அன்றைய பந்தயத்துக்கு முறைப்படி பதிவானவர் ஒரே ஒருவர். காரில் முன்கூட்டியே வந்து, எந்த நிலையத்திலும் எதுவும் கற்றுக்கொள்ளாமல், 'ஒரு பைக்' என்று சாதாரணமாகச் சொன்ன கண்ணாடிக்காரர். அவருக்கு ஸ்டார்ட் செய்யத் தெரியவில்லை. தள்ளிக்கொண்டே போனார். நடுவில் இரண்டு தரம் இளைப்பாறினார். முதலிடம் அவருக்கே. இரண்டாவது, மூன்றாவது இடங்கள் தகுதியானவர் இன்மையால் நிரப்பப்படவில்லை. கோப்பையும் சிவப்பு வில்லையுமாக அவர் போட்டோ ஊரெல்லாம் சுற்றியது.

தங்கச்சி அழவில்லை, திட்டவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்தாள். திரும்பும்போது முடிச்சு பெல்ட்டை எடுத்தான்.

"எதுக்குக் கட்டுறே?" என்றாள். "திரும்பிப் போறப்பவும் விபத்துதானே."

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்களும் ஒரு வில்லை வாங்கி ஒட்டியவராகத்தான் இருப்பீர்கள். போட்டோவைப் பார்த்த நாகரிக உலகம் பைக்கை நிற்கவைத்துக் கட்டிக்கொண்டு போவதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று முடிவு கட்டியது. எல்லாரும் பைக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிவப்பு வில்லையோடு போனார்கள். முடிச்சின் பட்டறை வாசலில் கூட்டம். "உங்க கையால விழுந்தாத்தான் லீவர் அழகா உடையுதாம்" என்று கெஞ்சினார்கள். அவனும் தள்ளிவிட்டான். பழகினால் அதுவும் ஒரு தொழில்தான். ஆய்வு நிலையத்தின் ஆண்டறிக்கை பெருமையோடு அறிவித்தது: 'இந்த ஆண்டு கட்டு அவிழ்ந்த சம்பவம் ஒன்றுகூட நிகழவில்லை.' முழு உண்மை. யாரும் கட்டினால்தானே அவிழ!

விபத்து வண்டிகள் பெருகிவிட்டதால் நிலையத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. விண்ணப்பம் கேட்டார்கள்.

ஒரு நாள் காலை, நாலு பைக்குகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு முடிச்சு அந்தக் கம்பத்தின் முன் பிக்கப்பை நிறுத்தினான். தகரக் கூரைக்கு அடியில் இரண்டாவது மேசை போட்டிருந்தது. அங்கிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் படிவம். காலில் மட்டும் அந்தப் பழைய பந்தய பூட்ஸ்.

"எத்தனை வண்டி?"

"ஏய், நான்தான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

முடிச்சு வாயைத் திறந்தான். மூணு என்று வரப் பார்த்தது, ஒண்ணு என்று வரப் பார்த்தது, எதுவும் வரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தார்கள். அவள் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

"யோசிச்சே சொல்லுண்ணே" என்றாள் தங்கச்சி. "அவசரமே இல்ல. எனக்கு இப்ப பத்து மணிக்கு எங்கயும் போக வேண்டியதில்ல."